ஒன்பது பேர் வேலை செய்யும் கடைக்கு லேபர் சட்டம் பொருந்தாதா?

12 செப்டம்பர் 2025 – கேள்வி

"அக்கா, டர்பனில் மாமா நடத்திவந்த மசாலாக் கடையை அடுத்த மாதம் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். புதுச் சட்டப்படி 50 பேருக்குக் கீழே இருந்தால் லேபர் தொல்லை எதுவும் இல்லை, சின்னக் கடைக்காரர் விசாரணை வைக்காமலே ஆளை நிறுத்தலாம் என்கிறார்கள். பழைய ஆட்களில் நாலு பேரை அனுப்பிவிட்டுப் புதுசாகத் தொடங்கலாம் என்று பார்க்கிறேன். சரிதானே?"

12 செப்டம்பர் 2025, இரவு

சரியில்லை தம்பி. அந்த நாலு பேரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை என்றால் அப்படியே இருங்கள்.

வேறு வேறு இடத்தில் இருக்கும் இரண்டு விதிகளை யாரோ ஒன்றாகக் கலந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 50 பேர் கணக்கு வருவது தென்னாப்பிரிக்காவின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தில். 2025 ஜனவரி 1 முதல், 50 பேருக்குக் குறைவாக வைத்திருப்பவர், விற்றுமுதல் எவ்வளவு இருந்தாலும், சமத்துவத் திட்டம் எழுத வேண்டாம், ஆண்டறிக்கை அனுப்ப வேண்டாம். முன்பு விற்றுமுதல் ஒரு வரம்பைத் தாண்டினால் பத்துப் பேர் கடையும் அதில் மாட்டிக்கொள்ளும். அந்தச் சுமை போயிற்று, அவ்வளவுதான். அதே சட்டத்தின் இரண்டாம் அத்தியாயம், இனம், மதம், மொழி, கர்ப்பம் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்பது, ஒரே ஒரு ஆளை வைத்திருப்பவருக்கும் உண்டு. குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், விடுப்பு, யூஐஎஃப் என்கிற வேலையின்மைக் காப்பீட்டு நிதி, வேலை விபத்து இழப்பீடு எதிலும் 50 என்ற எண்ணே கிடையாது.

விசாரணை வேண்டாம் என்பது எங்கிருந்து வந்தது என்றும் தெரிகிறது. இந்த மாதம் 4-ந் தேதி பணிநீக்கத்துக்கான புதிய நன்னடத்தை நெறி நடைமுறைக்கு வந்திருக்கிறது. சின்ன நிறுவனங்கள் நீண்ட விசாரணையும் பெரிய கம்பெனி மாதிரி சடங்குகளும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று அதில் இருக்கிறது. ஆனால் நியாயமான காரணம் வேண்டும், ஆளுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

13 செப்டம்பர் 2025

நேற்று எழுதாமல் விட்டதுதான் உங்களுக்கு முக்கியமானது. நீங்கள் வாங்குவது ஓடிக்கொண்டிருக்கும் கடை. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197-ஆம் பிரிவுப்படி, ஓடும் தொழில் கை மாறினால் வேலை ஆட்களும் அவர்களுடைய ஒப்பந்தத்தோடு சேர்ந்தே மாறுகிறார்கள். புதிதாகச் சேர்த்த மாதிரி கணக்கு வைக்க முடியாது. மாமாவிடம் 17 வருஷம் வேலை பார்த்த அம்மா ஒருவர் இருந்தால், முதல் நாளிலேயே உங்களிடமும் அவருக்கு 17 வருஷ சர்வீஸ்.

கடை கைமாறியதையே காரணமாக வைத்து ஆளை நிறுத்தினால், சட்டம் அதைத் தானாகவே அநியாயமான பணிநீக்கம் என்ற வகையில் சேர்க்கிறது. சாதாரண வழக்கில் இழப்பீட்டின் உச்சவரம்பு 12 மாதச் சம்பளம். இந்த வகைக்கு 24 மாதம்.

மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் சேர்ந்திருக்கும் விடுப்புப் பணம் எவ்வளவு, ஆட்குறைப்பு நடந்தால் வருஷத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்று எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, அதை யார் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இதையும் அந்தப் பிரிவே கேட்கிறது. சொந்த மாமாவிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்று தயங்க வேண்டாம். கல்யாணத்துக்கு மொய் எழுதும்போது நோட்டில்தானே எழுதுகிறோம்.

15 செப்டம்பர் 2025

"பதில் சொல்ல வாய்ப்பு என்றால் என்ன, கோர்ட் மாதிரி நடத்தணுமா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சம்பளக் கணக்குப் பார்க்கும் கடைகளில் ஒன்று. கல்லாவில் இருந்த பெண் சில்லறையை ஒதுக்குவது கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருந்தது. முதலாளி ராத்திரி அதைப் பார்த்தார், கோபம் வந்தது, வாட்ஸ்அப்பில் "நாளையிலிருந்து வராதே" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெண் சிசிஎம்ஏ என்கிற சமரச ஆணையத்துக்குப் போனார். நிறுத்திய நாளிலிருந்து 30 நாளுக்குள் போக வேண்டும், காசு கிடையாது, வக்கீல் தேவையில்லை. இந்த மாதிரி ஒழுங்குமீறல் வழக்கில் ஆணையர் அனுமதித்தால்தான் வக்கீலே உள்ளே வர முடியும். நானும் முதலாளிக்காகப் பேச முடியாது. சம்பள ஏட்டோடு சாட்சியாக மட்டும் உட்கார்ந்தேன்.

முதலாளி போனை நீட்டி வீடியோவைக் காட்டினார். ஆணையர் முழுவதையும் பார்த்தார். பிறகு அவர் கேட்டது இரண்டே கேள்வி: "இதை அந்தப் பெண்ணிடம் காட்டினீர்களா?" காட்டவில்லை. "என்ன நடந்தது என்று கேட்டீர்களா?" கேட்கவில்லை. அறையில் அதற்குமேல் பேச எதுவும் இல்லை. நிறுத்தியதற்குக் காரணம் சரி, நிறுத்திய முறை தப்பு என்று முடிவாகி, சில மாதச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தது.

வீடியோவைப் பார்த்த மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, வீடியோவைக் காட்டி, அவர் விரும்பினால் கூட ஒரு சகதொழிலாளியை வைத்துக்கொள்ளச் சொல்லி, சொல்வதைக் கேட்டு, அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தால் போதும். ஒரு மணி நேர வேலை. புதிய நெறி சின்னக் கடையிடம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். நீண்ட விசாரணைதான் வேண்டாம் என்கிறது, கேட்கவே வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

21 செப்டம்பர் 2025

கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நினைத்தபடி பிடிக்க முடியாது. ஆளுடைய தவறால்தான் நஷ்டம் என்று தெரிய வேண்டும், ஏன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும், அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், நஷ்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது, மொத்தத்தில் சம்பளத்தின் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஒரே கல்லாவில் மூன்று பேர் மாறி மாறி நிற்கும் கடையில் "ஆளுடைய தவறு" என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? முதலில் ஆளுக்கு ஒரு கல்லாப்பெட்டி கொடுங்கள்.

28 செப்டம்பர் 2025

கூலிக் கணக்கு. நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச் 1 முதல் 2026 பிப்ரவரி வரை மணிக்கு 28.79 ராண்ட். வாரம் 45 மணி நேரம் என்றால் 1,295.55 ராண்ட், மாதத்துக்கு 195 மணி நேரம் என்று வைத்தால் 5,614.05 ராண்ட். 2019 ஜனவரியில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தொடங்கியபோது 20 ராண்ட். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அப்போது 15 ராண்ட்தான் வைத்தார்கள். 2022-ல்தான் அவர்களையும் மற்றவர்களோடு சமமாக்கினார்கள். நம் வீடுகளில் பலர் இன்னும் அந்தப் பழைய 15 ராண்ட் மனசோடுதான் சம்பளம் பேசுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

மளிகை, மசாலா மாதிரி சில்லறை வியாபாரத்துக்குத் தனியாகத் துறை ஆணையும் இருக்கிறது. கல்லா, விற்பனை என்று சில வேலைகளுக்கு அதில் உள்ள கூலி அதிகமாக இருந்தால் அதையே கொடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"நாங்கள் மதியச் சாப்பாடு போடுகிறோம், மாதக் கடைசியில் அரிசி, பருப்பு கொடுக்கிறோம், அதையும் சேர்த்தால் கூலிக்கு மேலேயே வருகிறதே" என்கிறார்கள். சேர்க்க முடியாது. சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, போனஸ், டிப்ஸ், பொருளாகக் கொடுப்பது எதுவும் குறைந்தபட்சக் கூலியில் கணக்காகாது. சாப்பாடு போடுங்கள், நல்ல பழக்கம். கூலியைத் தனியாகக் கொடுங்கள்.

இன்னொன்று. கூட்டம் இல்லை, இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போ என்று அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி உண்டு. டர்பனுக்கு வெளியே உம்லாசியிலிருந்து டாக்சி பிடித்து வந்தவருக்குப் போக வரவே எவ்வளவு ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் இதில் சண்டை போட மனசு வராது.

4 அக்டோபர் 2025

குழந்தை பிறந்தால் பெற்றோருக்குக் கிடைக்கும் விடுப்பு பற்றிய வான் வைக் வழக்கில் நேற்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இதுவரை தாய்க்கு நான்கு மாதம், தந்தைக்கு 10 நாள் என்று இருந்தது. பெற்றோர் இருவரும் வேலையில் இருந்தால் இனி இரண்டையும் சேர்த்து நான்கு மாதமும் 10 நாளும் அவர்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் வேலையில் இருந்தால் அவருக்கே நான்கு மாதம். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாதம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த இடைக்கால ஏற்பாடு இப்போதே நடைமுறைக்கு வருகிறது. திருத்தம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வழியில்லை.

கடைக்காரர்களிடமிருந்து காலை முதல் ஒரே பயம்: "ஆம்பளைக்கு நாலு மாசம் லீவா?" அந்த மாதங்களுக்கு முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. யூஐஎஃப் விதிகள் அனுமதிக்கும் உதவித்தொகை அங்கிருந்து வரும். அதனால்தான் மாதாமாதம் ஆளிடம் ஒரு சதவீதம், உங்களிடம் ஒரு சதவீதம் என்று ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் விட்டால் பிள்ளை பெற்ற வீட்டில் அந்தப் பணம் வராது. அந்த நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளாதீர்கள்.

5 அக்டோபர் 2025

தத்தெடுத்தவர்களுக்கு உண்டா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். உண்டு. குழந்தைக்கு இரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பையும் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது.

16 அக்டோபர் 2025

திங்கட்கிழமை தீபாவளி. தென்னாப்பிரிக்காவின் 12 பொது விடுமுறைகளில் அது இல்லை. எங்கள் ஆட்கள் வருஷா வருஷம் கேட்பது: "முதலாளி லீவு தர மாட்டேன் என்கிறார், என்ன செய்ய?"

பொது விடுமுறைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை இன்னொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தில் வேலைக்கு வந்து தீபாவளிக்கு லீவு எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. இந்த வருஷம் அந்த நாள் போய்விட்டது. டிசம்பர் 16 இருக்கிறது.

முதலாளியாக இருக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தீபாவளி வேண்டும் என்றால், கடையில் இருக்கும் ஜூலு அம்மாவுக்கு அவருடைய சடங்குக்கு லீவு கேட்கும் உரிமையும் இருக்கிறது. பாரம்பரிய வைத்தியப் பயிற்சிக்கு லீவு கேட்டு, மறுக்கப்பட்டு, போய்விட்டதால் வேலை இழந்த ஒரு பெண்ணின் வழக்கு 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெண் ஜெயித்தார்.

மூக்குத்தியைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று எழுதிய தங்கைக்கு: 2007-ல் நம் தமிழ்ப் பெண்பிள்ளை ஒருத்தியின் மூக்குத்திக்காக டர்பன் பள்ளி ஒன்றின் வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்கே போயிற்று. மதம் கட்டாயப்படுத்தாத, குடும்ப வழக்கமாக மனமுவந்து அணிவதற்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அது பள்ளிக்கூட வழக்கு, வேறு சட்டம். ஆனால் வேலையிடத்திலும் பாகுபாடு கூடாது என்ற விதி மதத்தையும் கலாச்சாரத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மசாலா அரைக்கும் மெஷின் பக்கத்தில் வளையல் வேண்டாம் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குத்தி யாரை என்ன செய்யப்போகிறது?

2 நவம்பர் 2025

லேபர் இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு. ஒரு கடையின் பின்பக்கப் பேக்கிங் அறையில் நான் பில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அதிகாரி வந்தார். முன்னறிவிப்பு இல்லை, அவர்களுக்கு அது தேவையும் இல்லை. வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், யூஐஎஃப் பதிவு, விபத்து இழப்பீட்டு நிதியின் நற்சான்றுக் கடிதம் கேட்டார். ஏடுகளை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

பதிவேடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லா நாளும் காலை 8:00, மாலை 5:00. எல்லாப் பக்கமும் ஒரே நீலப் பேனா, ஒரே கையெழுத்து. அந்த அதிகாரி எதுவும் பேசாமல் பக்கங்களைப் புரட்டி டிசம்பர் 25-க்குப் போனார். கிறிஸ்துமஸ் அன்றும் 8:00 முதல் 5:00 வரை எல்லோரும் வந்திருந்தார்கள். கடை பூட்டியிருந்த நாள் அது. அதன்பிறகு அவர் ஏட்டை மூடிவிட்டு, மிளகாய்த்தூள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

கூலி குறைவு என்று தெரிந்தது. குறைத்த பணத்தைக் கொடுக்க வேண்டும், அதோடு அபராதம்: குறைத்ததைப் போல இரண்டு மடங்கு, அல்லது மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு, இதில் எது அதிகமோ அது. மறுபடி மாட்டினால் மூன்று மடங்கு.

சட்டச் சுருக்கம் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது, பாஸ்மதி மூட்டைகளுக்குப் பின்னால். மூட்டையை நகர்த்தினால்தான் தெரியும். ஆட்கள் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி.

பொய் ஏட்டைவிட ஏடே இல்லாதது மேல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே கெடுதல்தான். தினமும் ஆளே வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். 40 பக்க நோட்டு போதும்.

9 நவம்பர் 2025

ஒப்பந்தம் பற்றி இரண்டாவது யோசனை. இணையத்தில் கிடைக்கும் எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நான் முன்பெல்லாம் எதிர்த்ததில்லை; எதுவுமே இல்லாததற்கு அதுவாவது இருக்கட்டும் என்று விட்டேன். இப்போது வேண்டாம் என்றே சொல்கிறேன். வேலை விவரங்கள் ஆளுக்குப் புரியாவிட்டால், அவருக்குப் புரியும் மொழியில், புரியும் விதத்தில் விளக்கியாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு பக்கம் எழுதுங்கள்: பெயர், வேலை, நேரம், கூலி, சம்பள நாள், விடுப்பு, நோட்டீஸ். கடையில் பழைய ஆள் யாராவது அதை ஜூலுவில் வாசித்துக் காட்டட்டும். கேள்வி கேட்க இடம் கொடுங்கள். என் வாடிக்கைக் கடை ஒன்றில் அப்படி வாசித்தபோதுதான், நோயுற்றால் 36 மாதத்தில் ஆறு வாரச் சம்பள விடுப்பு தனக்கு உண்டு என்பது ஒன்பது வருஷமாக மாவு சலித்தவருக்கே தெரியவந்தது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் பார்த்தார்.

16 நவம்பர் 2025

ஊரிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்திருக்கும் ஒருவர் தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், ஏனென்றால் இதே நிலையில் பலர் இருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டை வாங்கி லாக்கரில் வைக்காதீர்கள். "பத்திரத்துக்கு" என்று சொன்னாலும் வேண்டாம். வேலை கொடுத்ததற்காக ஆளிடம் பணம் கேட்பதோ வாங்குவதோ சட்டப்படி கூடாது. விசா தீர்ந்த பிறகும் வேலை வாங்கினால் குற்றம் உங்கள் மேல். அப்போதும் அவருக்குப் பாதுகாப்பு போய்விடாது. அனுமதி இல்லாமல் வேலை செய்தவரும் தொழிலாளிதான் என்று 2008-லேயே தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்றைக்கு என்ன தேதி என்று பாருங்கள். 1860 நவம்பர் 16-ல்தான் நம் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. காகிதத்தில் எழுதியிருந்தது தோட்டத்தில் நடக்கவில்லை. கூலியை நிறுத்தினார்கள், வராத நாளுக்குப் பிடித்தார்கள், அடித்தார்கள். ஊர் திரும்பியவர்கள் சென்னையில் முறையிட்ட பிறகுதான் 1872-ல் டர்பன் இருக்கும் நேட்டாலில் விசாரணைக் குழு வைத்தார்கள். இந்த ஊரில் நம் கதை அப்படித்தான் தொடங்கியது. அதே கடற்கரை ஊரில் ஒரு தமிழ் முதலாளி ஒரு தமிழ்ச் சமையல்காரரின் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைப்பதை என்னால் ஒரு நாளும் ஏற்க முடியாது.

30 நவம்பர் 2025

மசாலாக் கடைத் தம்பி எழுதியிருக்கிறார். மாமாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கையெழுத்தாகிவிட்டது. சேர்ந்த விடுப்புப் பணத்தை மாமா கொடுக்கிறார். தம்பி அந்த நாலு பேரையும் வேலையில் வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒருவர் அடிக்கடி வராமல் இருக்கிறார், என்ன செய்வது என்பது இப்போதைய கேள்வி.

முதலில் ஏன் என்று கேளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து வராவிட்டாலோ, எட்டு வாரத்தில் மூன்றாவது முறை வராவிட்டாலோ மருத்துவச் சான்று கேட்கலாம்; சான்று தராவிட்டால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. காரணம் நோய் என்றால் அது ஒழுங்குமீறல் வழி இல்லை, வேறு வழி: எவ்வளவு நாளில் சரியாகும், இலேசான வேலை தர முடியுமா என்று பேச வேண்டும். காரணமே இல்லை என்றால் எழுத்தில் எச்சரிக்கை, தேதி போட்டு, அவர் சொன்ன பதிலையும் அதே தாளில் எழுதி. அவர் கையெழுத்துப் போட மறுத்தால் சாட்சி ஒருவர் போடட்டும். தாளின் நகலை அவர் கையில் கொடுங்கள்.

பிப்ரவரிச் சம்பளம் போடும்போது புதுக் கூலி எவ்வளவு என்று பார்த்து வையுங்கள். மார்ச் 1-ல் மாறும். 2026 எண் அரசிதழில் வந்ததும் இங்கே 195 மணி நேரக் கணக்கைப் போடுகிறேன்.